ஆவணிக்கு இரண்டு இழுப்பறை போதும்

ஆவணி கடைசி வாரத்தில், நான் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் பட்டுச் சேலைக் கடையில், நெசவாளர் கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு அந்த இடம் பறிபோக இருந்தது. பிள்ளையார்பாளையத்திலிருந்து சேலை நெய்து எடுத்து வருபவர்கள், அந்தத் தமிழ் மாதத்தில் என்ன கொடுத்தார்கள், என்ன வாங்கினார்கள் என்று அவள் திரையில் பார்த்த பிறகுதான் அடுத்த சேலைக்கான பாவு நூலும் பட்டும் தர முடியும். நெசவாளர் எண்ணை அடித்தால் திரையில் வட்டம் சுற்றும். சுற்றிக்கொண்டே இருக்கும்.

“ஏம்மா, தூங்கிக்கினு இருக்கியா? திங்கக்கிழமையிலேர்ந்து குடோனுக்குப் போய் சேலை மடி” என்றார் மேலாளர், வரிசையில் நின்ற எல்லோர் காதிலும் விழ. குடோன் என்றால் தண்டனை என்று கடையில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

“நான் அடிச்சிட்டேன் சார். அதுதான் வரமாட்டேங்குது.”

“சண்டைய அப்புறம் வச்சுக்குங்கபா. அங்க தறி சும்மா நிக்குது” என்றார் வரிசையில் ஒருவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மென்பொருள் எழுதிக் கொடுத்த கம்பெனியை அழைத்தேன். “டேட்டா ஜாஸ்தியாயிடுச்சு சார், பெரிய சர்வர் வாங்கிடுங்க” என்றது அங்கிருந்து ஒரு குரல். ஜாஸ்தியாகும் என்றுதானே நெசவாளர் கணக்கு இருக்கும் டேபிளை ஆங்கில மாதவாரியாக, மாதத்துக்கு ஓர் இழுப்பறை போல, பார்ட்டிஷன்களாகப் பிரித்திருந்தார்கள்?

அவள் எண்ணை அடித்ததும் டேட்டாபேஸிடம் போகும் கேள்வி, அந்தக் குவெரி, எப்படி ஓடுகிறது என்று டேட்டாபேஸையே சொல்லச் சொன்னேன். ஒரு பார்ட்டிஷன் பாக்கியில்லாமல் எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருந்தது. கடையில் தமிழ் மாதம் கேட்டார்கள் என்பதற்காக, ஒவ்வொரு வரியின் தேதியையும் தமிழ் மாதமாக மாற்றி, ‘இது ஆவணியா?’ என்று கேட்கும்படி எழுதியிருந்தார்கள். மாற்றிப் பார்த்தால்தான் விடை தெரியும் என்றால், எந்த இழுப்பறையை விட்டுவிடலாம் என்று அதற்கு எப்படித் தெரியும்?

ஆவணி ஆகஸ்ட் நடுவில் பிறந்து செப்டம்பர் நடுவில் முடிகிறது. இதற்குப் படிப்பு வேண்டாம், தினசரி காலண்டரைக் கிழிக்கும் பழக்கம் போதும். சில வருடங்களில் மாதப்பிறப்பு ஒரு நாள் முன்பின் ஆகும். தேதிப் பைத்தியமான நான் பஞ்சாங்கங்களைப் பார்த்து, மாதம் பிறக்கும் தேதிகளை ஒரு சிறு டேபிளில் ஏற்றினேன். முதலில் அதிலிருந்து ஆவணி முதல் தேதியையும் புரட்டாசி முதல் தேதியையும் எடுப்பது. பிறகு பெரிய டேபிளிடம், இதிலிருந்து அதற்கு முந்தைய நாள் வரை கொடு என்று கேட்பது. வரிகளில் இருக்கும் தேதியை மாற்றிப் பார்க்கவே கூடாது. மாற்றம் அவ்வளவுதான். இரண்டு பார்ட்டிஷன்கள் மட்டும் திறந்தன. இதற்கா பெரிய சர்வர்? இதற்கா அவளுக்குக் குடோன்?

சனிக்கிழமை காலையில் அவள் எண்ணை அடித்த கையோடு விவரம் வந்து நின்றது. வரிசை மளமளவென்று கரைந்தது. மேலாளர் சிரித்துக்கொண்டே வந்தார்.

“பாத்தியா? ஒரு தபா திட்டினதும் கை எப்படி ஓடுது! சரி, இங்கியே இரு.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். என்னால் பொறுக்க முடியவில்லை. பழைய குவெரியைத் திரும்பப் போட்டேன்.

“இப்ப நீங்க உக்காருங்க சார். உங்க கை எப்படி ஓடுதுன்னு பாக்கலாம்.”

உட்கார்ந்தார். அடித்தார். வட்டம் சுற்றியது. எண்டரைத் தட்டினார், மறுபடியும் தட்டினார்.

“கொஞ்சம் அமுக்கி அடிங்க சார், அதுக்குக் காது கேக்கல போல” என்றது வரிசையிலிருந்து ஒரு குரல். சிரிப்பு கிளம்பியது.

மேலாளர் எழுந்து, அவள் பக்கம் திரும்பாமல் உள்ளே போனார்.

“அண்ணா, புதுசைப் போட்டுக் குடுங்க. ஆளுங்க நிக்கிறாங்க” என்றபடி அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.