இறுக்காமல் விட்ட ஒரு நட்

என் வீட்டுக்காரருக்கு சைக்கிள்தான் மூத்த தாரம். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் லயத்து வீட்டு வாசலில் அதைத் தலைகீழாக நிறுத்தி வைத்துக்கொண்டு ஸ்பானரோடு உட்கார்ந்துவிடுவார். சக்கரத்து நட்டை ஒரேயடியாக முறுக்க மாட்டார். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். பிறகு சக்கரத்தைச் சுற்றிவிட்டு, பிரேக் கட்டையில் உரசாமல் ஓடுகிறதா என்று பார்த்துத்தான் கடைசி முறுக்கு. பெடல், ஹேண்டில், மட்கார்ட் ஒன்றையும் விடுவதில்லை. எங்கள் தோட்டத்துக் கல் ரோட்டுக்கு அது வேண்டியதுதான்.

அப்படிப்பட்ட மனுஷனின் சைக்கிளில், சீட்டுக்குக் கீழே இருக்கும் நட் மட்டும் விரலால் தொட்டாலே சுழன்றது. ஒருநாள் துடைக்கும்போது கண்டேன். அன்றிலிருந்து கவனித்தேன். காலையில் உயரமாக இருக்கும் சீட்டு, சாயங்காலம் வரும்போது ஒருநாள் இறங்கியிருக்கும், ஒருநாள் கோணியிருக்கும்.

"ஆடுதுங்களே, இறுக்கக் கூடாதா?"

"அது அப்படியே இருக்கட்டும். நீ கை வைக்காத."

கை வைக்காதே என்றால் அங்கேதான் விஷயம் இருக்கிறது. லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் அக்காவிடம் சொன்னேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே யோசித்தார்.

"சீட்ட எறக்குறாங்கன்னா, யாரோ குட்டையான ஆளு ஓட்டுறாங்க புள்ள."

பொம்பளை என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. தெரணியகலை டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் இவருக்கு வேலை. கடை மூடி வெகு நேரம் கழித்துத்தான் வீடு வருவார். கேட்டால், "ரோட்டுல சுணங்கிருச்சு" என்பார். சட்டையை மோந்து பார்த்தேன். பெயிண்ட் வாடையும் இரும்பு வாடையும்தான். கெட்டிக்காரி, தடயம் விடவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

யுத்தத்தின் கடைசி வருடங்கள் அவை. ஒருநாள் விடியற்காலை மழை. ரப்பர் மரம் நனைந்துவிட்டால் எனக்குப் பால்வெட்டு கிடையாது. மழை விட்டதும் அவர் குளிக்க, தண்ணீர் கொட்டும் பீலிக்குப் போனார். நான் ஸ்பானரை எடுத்து அந்த நட்டை இறுக்கினேன். தினமும் பால் வெட்டுகிற கை. இனி எவளும் சீட்டை இறக்க முடியாதபடி மூச்சைப் பிடித்து இறுக்கினேன். ஸ்பானரை என் பைக்குள் ஒளித்தேன். உப்பைத் தின்றவர் தண்ணீர் குடிக்கட்டும்.

"நானும் டவுனுக்கு வாரேன்" என்றேன்.

அவர் முகம் மாறியது. "நீ பஸ்ல வாயேன்."

அதற்கு மேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்? கேரியரில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

பாலத்துக்கு முன்னால் ஆமி செக்பாயிண்ட். பஸ்ஸில் போகும்போது நானும் அங்கே இறங்கி அடையாள அட்டை காட்டியிருக்கிறேன். சைக்கிள்காரர்களை என்ன செய்கிறார்கள் என்று பார்த்ததில்லை. எங்களுக்கு முன்னால் போன இரண்டு சிங்கள ஆட்கள் தலையாட்டிவிட்டு மிதித்துப் போனார்கள். இவர் யாரும் சொல்லாமலே இறங்கினார். என்னையும் இறங்கச் சொல்லிவிட்டு, பழகிய கையால் சீட்டைப் பிடித்து மேலே இழுத்தார்.

வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

என் தம்பியைவிடச் சின்ன வயதுச் சிப்பாய் ஒருவன் வந்து, நேற்று கழன்று வந்த சீட்டு இன்று ஏன் வரவில்லை, அதன் குழாய்க்குள் என்ன ஒளித்து வைத்திருக்கிறாய் என்று சிங்களத்தில் கேட்டான். சிங்களத்தைத் தண்ணீர் மாதிரிப் பேசுகிற மனுஷனுக்கு "சேர், சேர்" என்பதைத் தவிர வேறொன்றும் வரவில்லை. இன்னொருவன் தோளில் கிடந்த துவக்கைக் கையில் எடுத்தான். சைக்கிளை விட்டு விலகச் சொன்னார்கள். கேட்காமலே இவர் இரண்டு கையையும் தூக்கினார்.

"நான்தான் இறுக்கினேன். ஸ்பானர் என் பையில் இருக்கிறது" என்று தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்.

என்னைப் பைக்குள் கை விட விடவில்லை. அவர்களே எடுத்து, என்னையே கழற்றச் சொல்லிவிட்டுத் தூரத்தில் நின்றார்கள். ஸ்பானர் வழுக்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் நட் அசைந்தது. சிப்பாய் குழாய்க்குள் டோர்ச் அடித்துப் பார்த்தான். உள்ளே துருதான் இருந்தது.

"நோனா நல்லாத்தான் இறுக்கியிருக்கிறாள்" என்று அவன் சிரித்தான். அவன் சிரித்ததால் இவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

பாலம் தாண்டியதும் கேட்டேன். "ஏங்க சொல்லல?"

"என்னத்த சொல்றது? தெனமும் சீட்ட கழட்டிக் காட்டிட்டு வாரேன்னா?"

சீட்டைச் சரி செய்து, நட்டை விரலால் திருப்பி விட்டார். ஏறச் சொன்னார். நான் ஏறவில்லை, பின்னாலேயே நடந்தேன். கோபம் கோபமாக வந்தது, யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. அந்த ரோட்டில் ஒரு பொம்பளை இருந்திருந்தால் தலைமயிரைப் பிடித்து இழுத்து ஒரு வழி பண்ணியிருப்பேன். அதற்குத்தான் தயாராக வந்திருந்தேன்.