மஜீத் இருக்கும் இடம்

கல்முனை மையவாடிச் சுவரில் தீப்பெட்டி அளவில் ஒரு புளூடூத் பெட்டி பொருத்தியிருக்கிறார்கள். கிட்டப் போனதும் என் கைபேசியில், அவ்விடத்தில் அடக்கப்பட்டவர்களின் ஏழு பெயர்கள் வருகின்றன. நான்காவது, என் நண்பர் மஜீத். அவருக்குச் சலாம் சொல்லவே மட்டக்களப்பிலிருந்து வந்திருக்கிறேன். எதிரே ஏழு கபுறுகள். தலைமாட்டில் நட்ட எந்த மீசான் கல்லிலும் பெயரில்லை. வேறொருவர் முன்னால் நின்றுவிடுவேனோ என்று பதறுகிறேன்.

"இதில் மஜீத் எது?" என்று கூட வந்த அவருடைய மருமகனைக் கேட்கிறேன்.

"தெரியா சேர். மாமாவ அடக்கக்குள்ள நான் கட்டார்ல."

"அப்ப எப்படிச் சலாம் சொல்றீங்க?"

"எல்லாருக்கும் சேத்துத்தான் சொல்ற. மாமாக்கு மட்டும் சொன்னா பக்கத்துல உள்ளவங்க கோவிக்க மாட்டாங்களா?"

ஏழு பேருக்கும் சலாம் சொல்கிறேன். மற்ற ஆறு பேருக்கும் நான் யாரென்று மஜீத் சொல்லிக்கொள்வார்.