அன்று துப்பாக்கி பூஜையில் இருந்தது

இது நடந்தது தொண்ணூறுகளின் நடுவில், அமெரிக்காவில், டெக்சஸ் மாநிலத்தில். டல்லாஸை விட்டு ஒன்றரை மணி நேரம் காரில் போனால் வருகிற பட்டிக்காடு. அங்கே கொஞ்சம் நிலமும், ஒரு பழைய டிரெய்லர் வீடும் எங்களுக்கு இருந்தன.

என் மனைவி நர்ஸ். அவளுக்கு வேலை கிடைத்துத்தான் நாங்கள் அங்கே போனோம். நான் எட்டாவதோடு நின்றவன். சொந்த ஊர் தாராபுரம் பக்கம். எனக்குத் தெரிந்தது ஆடு. அதனால் ஆடு வாங்கி விட்டேன். சனி, ஞாயிறுகளில் டல்லாஸிலிருந்து நம் ஆட்கள் வந்து கறிக்கு வாங்கிப் போவார்கள்.

டல்லாஸை ஒட்டி நம் ஆட்கள் நிறைய இருக்கிற காப்பெலில் யார் வீட்டு விசேஷத்துக்காவது போனால், "சார் எந்தக் கம்பெனி?" என்று கேட்பார்கள். "ஆடு வளர்க்கிறேன்" என்பேன். ஜோக் என்று நினைத்துச் சிரிப்பார்கள். நிலம் அவள் சம்பளத்தில் வாங்கியது. ஆடு மட்டும்தான் என்னுடையது. அதுவும் போனால் பெண்டாட்டி சம்பளத்தில் சாப்பிடுகிறவன் என்ற பேர்தான் எனக்கு. யாரும் நேராகச் சொன்னதில்லை. ஆனால் என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

அந்த வருஷம் கொயோட்டி வர ஆரம்பித்தது. நம் ஊர் நரியைவிடப் பெரிசு, ஓநாயைவிடச் சிறிசு. பழுப்பு நிறம். வேலிக்கு அடியில் நுழைந்து குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போகும். காலையில் பட்டியைத் திறந்தால் ஒரு தாய் ஆடு குட்டியைத் தேடிக் கத்திக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தோடு என்னால் காப்பி குடிக்க முடியவில்லை.

ஒரு பழைய ரைஃபிள் வாங்கினேன். ஸ்கோப் பொருத்தியே வந்தது. ஸ்கோப் என்றால் தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் குழாய். நடுவில் கூட்டல் குறி இருக்கும். குறியை வைத்த இடத்தில் குண்டு விழ வேண்டும். என் ஸ்கோப்பில் விழாது. வைக்கோல் கட்டில் பேப்பர் பிளேட்டைக் குத்தி வைத்துச் சுட்டுப் பார்ப்பேன். திருகைத் திருப்பிச் சரி பண்ணுவேன். மறுநாள் சுட்டால் குண்டு வேறு எங்கோ போகும். ஒரு நாள் இடது பக்கம், ஒரு நாள் மேலே. கண்ணாடிக்கு உள்ளே ஆவி வேறு பிடித்திருந்தது. வெளியே எவ்வளவு துடைத்தாலும் போகாது. அதன் வழியாகப் பார்த்தால் எல்லாமே பழுப்பாக, பஞ்சு மாதிரி தெரியும்.

புதுசு வாங்கலாம் என்றாள் மனைவி. அவள் காசில் வாங்க எனக்கு மனசு வரவில்லை.

ராத்திரி தூக்கம் போயிற்று. ஜன்னல் ஓரமாகவே உட்கார்ந்திருப்பேன். புல்லில் எது அசைந்தாலும் சுட்டேன். ஒரு தடவை காற்றில் உருண்டு வந்த காய்ந்த முள் புதரைச் சுட்டேன். அதுவும் படவில்லை.

அடுத்த நிலத்துக்காரர் வைக்கோல் வியாபாரி. வெள்ளைக்காரர். என் வயதுதான் இருக்கும், ஆள் என்னைப் போல இரண்டு மடங்கு. அவர் பேசும் இங்கிலீஷ் எனக்குப் பாதி புரியும், நான் பேசுவது அவருக்குப் பாதி. அந்த முள் புதர் கதையைக் கேட்டு வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நீ சுடும்போது உலகத்திலேயே பத்திரமான இடம் கொயோட்டி நிக்கிற இடம்தான், பார்ட்னர். நானே வந்து அதுக்குப் பக்கத்துல நின்னுக்கிறேன்."

பிறகு ஸ்கோப்பை வாங்கிப் பார்த்தார். உள்ளே ஏதோ சின்ன ஸ்பிரிங் செத்துப்போயிருக்கிறது, இனி எந்தத் திருகும் நிற்காது என்றார். தன் துப்பாக்கியை எடுத்துக்கொள்ளச் சொன்னார். வேண்டாம் என்றேன். அடுத்தவர் பொருளை வாங்கி வைத்துக்கொண்டு எனக்குப் பழக்கமில்லை.

"அப்ப ஆட்டை எல்லாம் அதுங்களுக்கே எழுதி வச்சிடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரம் ஆயுத பூஜை வந்தது. மனைவி லீவு போட்டிருந்தாள். சாமி படத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் கொண்டுவந்து வைக்கச் சொன்னாள். அவளுடைய ஸ்டெதஸ்கோப், கத்தரிக்கோல், ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி. என்னுடைய மண்வெட்டி, கடப்பாரை, கோடாலி, வேலிக்கம்பி முறுக்கும் குறடு. வாசலில் நின்ற பிக்கப் வண்டிக்கும் பொட்டு. துப்பாக்கியையும் கழுவித் துடைத்து வைத்தாள். ஸ்கோப்புக்கும் சந்தனம் வைக்கப் போனாள்.

"கெட்டுப்போன ஸ்கோப்புக்கு எதுக்கு பொட்டு?"

"கெட்டதுக்குத்தானுங்க வேணும். நல்லது தானா ஓடிரும்."

பூஜை முடிந்தது. கடையில் வாங்கிய சாமந்தியை எல்லாவற்றின் மேலும் தூவினாள். மறுநாள் காலையில் திரும்பக் கும்பிட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

பொழுது சாய்கிற நேரம். பட்டியில் ஆடுகள் ஒன்றாக ஒரு மூலைக்கு ஒதுங்கின. அது எனக்குத் தெரிந்த ஒதுக்கம். சமையலறை ஜன்னலுக்குப் போனேன். வேலிக்கு அந்தப் பக்கம், ஓடைக்கரைப் புல்லில் பழுப்பாக ஒரு முதுகு. தரையோடு தரையாக வந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது. பட்டியைப் பார்த்துத்தான் வந்தது.

நேராகத் துப்பாக்கிக்குப் போனேன். மனைவி முன்னால் வந்து நின்றாள்.

"தொடப்படாதுங்க."

"விலகு. வந்துருச்சு."

"பூஜையில வெச்சதை இன்னைக்கு எடுக்கப்படாது. ஊர்ல எடுப்பீங்களா?"

"ஊர்ல கொயோட்டி இல்லை."

"ஆடு போனாப் போவுது."

"போனாப் போவுதா? உனக்கென்ன அம்மிணி, மாசம் பொறந்தாச் சம்பளம்."

அப்படி நான் அதுவரை பேசியதில்லை. அவள் விலகவில்லை. அவளைத் தள்ளிவிட்டு எடுத்திருக்கலாம். கை வரைக்கும் வந்தது. எடுக்கவில்லை. பக்தி என்று சொல்ல மாட்டேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

வேறு எதையாவது எடுக்கலாம் என்றால் எல்லாமே பூஜையில் இருந்தது. கோடாலி, கடப்பாரை, மண்வெட்டி. கையில் எடுக்கக் கிடைத்தது ஒரு எவர்சில்வர் தட்டும் குழம்புக் கரண்டியும்தான். எடுத்துக்கொண்டு ஓடினேன். தட்டைத் தட்டிக்கொண்டே, தாராபுரத்துப் பாஷையில் வைதுகொண்டே ஓடினேன்.

வேலியைத் தாண்டினேன். சத்தம் கேட்டு அது ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. புல்லுக்குள் அப்படியே படுத்திருந்தது. இன்னும் வேகமாகத் தட்டினேன்.

புல்லுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"சாப்பாட்டுக்குக் கூப்பிடறியா?"

வைக்கோல் வியாபாரி. வேட்டைக்குப் போடும் பழுப்புக் கோட்டும் தொப்பியும் போட்டிருந்தார். முகம் வெளுத்து, வேர்த்திருந்தது. வலது கால் பாதம் இருக்கக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

என்னிடம் சொல்லாமல் வந்திருக்கிறார். ஓடைக்கரையில் உட்கார்ந்து எனக்காகக் கொயோட்டியைச் சுடலாம் என்று. சொன்னால் நான் வேண்டாம் என்பேன் என்று அவருக்குத் தெரியும். வழியில் புல்லுக்குள் கிடந்த பழைய முள்கம்பியில் பூட்ஸ் மாட்டி, பள்ளத்தில் விழுந்துவிட்டார். துப்பாக்கி கை தவறி ஓடைக்குள் போய்விட்டது. கணுக்கால் முறிந்துவிட்டது. கத்திப் பார்த்திருக்கிறார். காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. பிறகு எங்கள் வீட்டு விளக்கைப் பார்த்து முழங்கையால் ஊர்ந்து வந்திருக்கிறார். நான் பார்த்த முதுகு அதுதான்.

மனைவியைக் கூப்பிடத் திரும்பி ஓடினேன். விஷயத்தைச் சொன்னதும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பூஜையில் கை விட்டுக் கத்தரிக்கோலையும் ஸ்டெதஸ்கோப்பையும் கருவியையும் எடுத்தாள். பூ எல்லாம் தரையில் கொட்டியது. அவர் பூட்ஸை வெட்டி எடுத்தாள். விளக்குமாற்றுக் கட்டையை இரண்டாக ஒடிக்கச் சொல்லி, காலுக்கு வைத்துக் கட்டினாள். அவ்வளவு பெரிய உடம்பை இரண்டு பேரும் சேர்ந்து பிக்கப்பின் பின்பக்கம் எப்படி ஏற்றினோம் என்று இப்போதும் தெரியவில்லை. அவள் வண்டியை ஓட்டினாள். நான் பின்னால் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஆஸ்பத்திரி தூரம். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"உங்களைக் கொயோட்டின்னு நினைச்சேன். துப்பாக்கி கையில இருந்தா சுட்டிருப்பேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டே இருந்தார். உதடு மட்டும் அசைந்தது.

"அந்த ஸ்கோப்லயா? தப்பிச்சிருப்பேன், பார்ட்னர்."

வலியோடு சிரித்தார். நானும் சிரித்தேன். ஆஸ்பத்திரியில் அவரைச் சேர்த்துவிட்டு வீடு திரும்புகிற வரை அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தேன். ஆமாம், என் குண்டு எதன் மேலும் பட்டதில்லை. அவர் மேலும் பட்டிருக்காது.

மனசு கேட்கவில்லை. மறுநாள் காலை மனைவி மீதியைக் கும்பிட்டு முடித்ததும் துப்பாக்கியை எடுத்தேன். ஒரு தீவனச் சாக்கில் வைக்கோல் திணித்து, அவர் கிடந்த அதே இடத்தில் வைத்தேன். பின்னால் ஓடைக்கரை மேடு, குண்டு வேறெங்கும் போகாது. வீட்டுப் படியில் உட்கார்ந்து ஸ்கோப்பில் பார்த்தேன். ஆவி பிடித்த கண்ணாடியில் பழுப்பாக, பஞ்சு மாதிரி தெரிந்தது. நேற்று ஜன்னலில் தெரிந்த மாதிரியே. ஆளா, சாக்கா, மிருகமா, எதுவும் சொல்ல முடியாது. குறியை நடுவில் வைத்துச் சுட்டேன்.

நடந்து போய்ப் பார்த்தேன். சாக்கின் நட்ட நடுவில் ஓட்டை.

இன்னொன்று சுட்டேன். அதுவும் பக்கத்திலேயே விழுந்தது. எத்தனையோ வாரமாக ஒரு பேப்பர் பிளேட்டில்கூடக் குண்டு பட விடாத ஸ்கோப். அன்று பார்த்துச் சரியாக இருந்தது. முந்தின நாள் பொழுது சாய்ந்தபோது எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

சாக்குக்குப் பக்கத்திலேயே புல்லில் உட்கார்ந்துவிட்டேன். மனைவி வந்து சாக்கைப் பார்த்தாள். ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தாள். நான் முந்தின நாள் பேசிய பேச்சுக்கு ஒரு வார்த்தை கேட்பாள் என்று இருந்தேன்.

"காப்பி ஆறுது, வாங்க" என்றாள்.

அவருக்குக் காலில் தகடு வைத்தார்கள். நடக்க மாசக்கணக்கில் ஆயிற்று. அதுவரைக்கும் அவருடைய வைக்கோல் கட்டுகளை நான் ஏற்றி இறக்கினேன். சாக்கு விஷயத்தை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. அவர் அந்த ஸ்கோப் ஜோக்கைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். நானும் கூட நின்று சிரிப்பேன்.

ஆட்டுப் பட்டிக்குக் கடைசியில் ஒரு கழுதை வாங்கி விட்டேன். அந்தப் பக்கத்தில் பலர் அப்படித்தான் செய்வார்கள். கழுதை கொயோட்டியைக் கண்டால் விரட்டி உதைக்கும். குட்டிகள் போவது நின்றது. துப்பாக்கியை விற்றுவிட்டேன். ஸ்கோப்பைக் கழற்றி, சுத்தியலால் அடித்து நொறுக்கிக் குப்பையில் போட்டேன். வேறு யார் கைக்கும் அது போகக்கூடாது என்று தோன்றியது.

வருஷம் நிறைய ஆகிவிட்டது. மனைவி அது சரஸ்வதி காப்பாற்றியது என்பாள். இருக்கலாம். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அன்று ஜன்னலில் நின்றபோது அது கொயோட்டிதான் என்பதில் எனக்குக் கடுகளவும் சந்தேகம் இருக்கவில்லை. இன்றைக்கும் எதையாவது பார்த்து, இது இன்னதுதான் என்று மனசு உறுதியாகச் சொன்னால், அப்போதுதான் எனக்குப் பயம் வருகிறது. எழுந்து கிட்டத்தில் போய்ப் பார்த்துவிட்டு வந்தால்தான் அடுத்த வேலை ஓடுகிறது.