சர்க்கரை கிறுக்கின ஈசிஜி

ஈசிஜி எடுக்கிற வேலையில, படுத்திருக்கிறவங்க சாமியை வேண்டிக்குவாங்க, எடுக்கிறவன் கரண்ட்டு போகக் கூடாதுன்னு வேண்டிக்குவான். ரெண்டாயிரங்கள்ல நெல்லித்தோப்புல ஒரு சின்ன நர்சிங் ஹோம்ல எனக்கு அந்த வேலைதான். எனக்கும் சர்க்கரை உண்டு, ஊசியும் உண்டு. டீயில சர்க்கரை வேணாம்னு சொல்லிட்டு கூடவே ரெண்டு பஜ்ஜி சொல்ற கூட்டாளிகளே, இது நமக்காகத்தான்.

வெல்டிங்காரர் கேள்வி

தட்டாஞ்சாவடிப் பட்டறையில வெல்டிங் வேலை பார்க்கிற முருகேசன், என்னை மாதிரியே தினமும் இன்சுலின் ஊசி போடுறவர், சும்மா ஒரு செக்கப்புக்கு வந்தார். நெஞ்சுல ஜெல் தடவினப்ப சிரிச்சவர், கை கால்ல கிளிப்பு மாட்டினதும் எழுந்து உக்காந்துட்டார். "இதுல எர்த் ஒயரு எதுண்ணே? அதை மொதல்ல மாட்டுங்க."

சாப்பிடாதவருக்கு ஊசி எதுக்கு?

சில மாசம் கழிச்சு ஒரு காலையில அவரை ஆட்டோவுல தூக்கிட்டு வந்தாங்க அவர் சம்சாரம் செல்வி. ரெண்டு மூணு நாளா காய்ச்சலாம், வாந்தியாம். சோறு இறங்கல. தாகம் மட்டும் அடங்காம கலர் கலரா சோடா குடிச்சிருக்கார். மூச்சு வாங்குது, நெஞ்சு அடைக்குதுங்கிறார்.

ஈசிஜி எடுத்துப் பேப்பரைப் பார்த்தேன். சின்ன மேடா இருக்க வேண்டிய அலையெல்லாம் கூடாரம் மாதிரி கூர்மையா நிக்குது. சில இடத்துல கோடே மேல ஏறி, அசல் ஹார்ட் அட்டாக் மாதிரி இருக்கு. டாக்டரம்மாகிட்ட ஓடினேன். அவங்க வந்து குனிஞ்சாங்க. அவர் வாயில அழுகின பழ வாசம். உடனே சுகர் பார்க்கச் சொன்னாங்க. மெஷினால அளக்கவே முடியாத அளவுக்கு ஏறியிருந்துச்சு.

"இன்சுலின் இல்லாம சர்க்கரை இப்படி ஏறினா, ரத்தத்துல பொட்டாசியம் கூடிடும். இதயத்துல ஓடுற கரண்ட்டையே அது குழப்பிடும். அட்டாக் மாதிரியே காட்டும். விட்டா இதயம் நின்னே போயிடும்"னாங்க. செல்வி சுவத்தைப் பிடிச்சுக்கிட்டாங்க. "சாப்பிடவே இல்லையே, சர்க்கரை எப்படி ஏறும்னு நாந்தாம்மா ஊசி வேணாம்னேன்."

அடுத்தடுத்த பேப்பர்

சலைன் ஓடுது, இன்சுலின் ஓடுது. டாக்டரம்மா வீட்டுக்குச் சாப்பிடக்கூடப் போகல. நான் திரும்பத் திரும்ப ஈசிஜி எடுத்தேன். ஒவ்வொண்ணா கூடாரம் தணிஞ்சு, பொழுது சாயறப்ப கோடு பழைய இடத்துக்கு வந்துடுச்சு. இதயத்துல அடைப்பு எதுவும் இல்லைன்னும் தெரிஞ்சுது. அந்த டாக்டரம்மாவுக்கு நான் இன்னைக்கும் மனசுக்குள்ள கும்பிடு போடுறேன். காய்ச்சல்ல சாப்பிடாட்டியும் சர்க்கரை ஏறும், டாக்டரைக் கேக்காம ஊசியை நிறுத்தக் கூடாதுன்னு எனக்கும் அன்னைக்குத்தான் உறைச்சுது.

மறுநாள் காலையில முருகேசன் கண்ணைத் தெளிவாத் திறந்தார். "நானே உன்னைக் கொன்னிருப்பேனே"ன்னு செல்வி அவர் காலைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. அவர் மெதுவா அவங்க கையைத் தட்டிக் குடுத்தார். "பசிக்குது செல்வி. ஊசியப் போட்டுட்டு சோறு போடு."

சர்க்கரைக்காரர் ஒருத்தர் பசிக்குதுன்னு சொன்னதுக்கு ஒரு நர்சிங் ஹோமே கண் கலங்கி நின்னது, நான் பார்த்தவரைக்கும் அந்த ஒரு தடவைதான்.