பிழைத் திருத்தத்துக்கு ஒரு திறப்பு விழா

எங்கள் கல்லூரியின் ஆய்வேடுகள் எல்லாம் ஒரு திறந்த மூல மென்பொருளில் சேமிக்கப்பட்டிருக்கின்றன. அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அந்த மென்பொருள் எங்கெங்கோ இருக்கிறவர்கள் சேர்ந்து எழுதி இலவசமாகக் கொடுப்பது. அவ்வப்போது பராமரிப்புப் பதிப்பு என்று ஒன்று வரும். அதில் புதிதாக எதுவும் இருக்காது. உடைந்ததைச் சரிசெய்திருப்பார்கள், அவ்வளவுதான். போட்டால் வெளியே ஒருவருக்கும் தெரியாது.

எங்களிடம் ஒரு பிழை இருந்தது. பெரிய கோப்பைத் திறந்தால் பாதியில் நின்றுவிடும். புன்னைக்காயல் பெண் ஒருத்தி முத்துச்சிப்பிப் படுகைகளைப் பற்றி, கடலடிப் படங்கள் நிறைய வைத்து ஆய்வேடு எழுதியிருந்தாள். அது திறக்கவே இல்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். வெள்ளிக்கிழமை தேர்வுக்குழு அதைப் படிக்கும். கல்லூரித் தளத்தில்தான் படிப்போம், தனியாக அனுப்பினால் ஏற்கமாட்டோம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

அந்தப் பிழையைத் திருத்திய பதிப்பு அந்த வாரம்தான் வந்தது. கல்லூரிச் செயலாளரிடம் போய்ச் சொன்னேன். உப்பளமும் லாரிகளும் வைத்திருப்பவர்.

"புதுசு வருதுன்னா சும்மா போடலாமாலே? அடுத்த புதன்கிழமை சீஃப் கெஸ்ட்டு வாராரு. அவரு கையால அமுக்கட்டும்."

"ஐயா, இது புதுசு இல்ல. ஒழுகுத குழாய்க்கு வாசர் மாத்துத மாதிரி."

"குழாயவும்தான் தொறந்து வைக்கோம்."

பொய் இல்லை. எங்கள் கல்லூரியில் குடிதண்ணீர்க் குழாய்க்குக் கல்வெட்டு உண்டு.

நான் காத்திருக்கவில்லை. வியாழக்கிழமை எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் போட்டுவிட்டேன். அவளைப் போனில் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன்.

"அண்ணே, கடைசிப் பக்கம் வரைக்கும் வருதுண்ணே!" என்று கத்தினாள்.

சாயங்காலத்துக்குள் யாரோ செயலாளரிடம் என்னைப் போட்டுக்கொடுத்துவிட்டார்கள். செயலாளர் அறையில் புதுப் பேனர் விரித்துக் கிடந்தது. அதில் சிறப்பு விருந்தினரின் முகம் கதவளவு இருந்தது. ஏசுவார் என்று நினைத்துப் போனேன். ஏசியிருந்தால் தேவலை.

"போட்டத எடுத்துரு. பழசையே திரும்பப் போடு. அவரு அமுக்கும்போது புதுசு வரட்டும்."

"நாளைக்கு அந்தப் பிள்ளையோட ஆய்வேட்டப் படிக்காங்க ஐயா. தொறக்கலேன்னா அவ வேலை போச்சு."

"அடுத்த வருசம் எழுதிப் போடட்டும். பேனர் அடிச்சாச்சுல்லா."

அவர் அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மிக்சரைக் கொறித்துக்கொண்டே சொன்னார்.

"போட மாட்டேன். வேற ஆளு இருந்தா போடச் சொல்லுங்க" என்றேன்.

வேறு ஆள் இல்லை. அது அவருக்கும் தெரியும்.

"அப்ப அவரு எதத்தாம்ல அமுக்குவாரு?" நிஜமாகவே கலங்கிப்போய்க் கேட்டார்.

"சும்மா ஒரு பட்டன் செஞ்சு தாரேன். அமுக்குனா ஸ்கிரீன்ல பூ விழும்."

"கலர் கலரா விழுமா?"

"விழும்."

முகம் மலர்ந்துவிட்டது. அந்த முகத்தைப் பார்க்க அருவருப்பாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ஆய்வேட்டைத் திறந்து படித்தார்கள். திங்கட்கிழமை அவளை நேர்காணலுக்கு அழைத்தார்கள். கல்லூரியில் அதை ஒருவரும் விசாரிக்கவில்லை.

புதன்கிழமை பிள்ளைகளை வகுப்பிலிருந்து கிளப்பி வெக்கையில் உட்கார வைத்திருந்தார்கள். விருந்தினர் தாமதமாக வந்தார், பொன்னாடை வாங்கிக்கொண்டார், பட்டனை அமுக்கினார். பூ விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். போட்டோக்காரர் சரியாக எடுக்கவில்லை என்றார். விருந்தினர் சட்டையைச் சரிசெய்துகொண்டு மறுபடி அமுக்கினார். மறுபடி பூ விழுந்தது. மறுபடியும் கைதட்டினார்கள்.