மார்ச் மாதத்துக் கை

சக்கரம் முழுதாக நிற்பதற்குள் டெய்லர் கழுத்திலிருந்து இன்ச் டேப்பை உருவிவிடுவார். ஈரக் கோப்பையின் வாயை அளப்பார், இடுப்பை அளப்பார், உயரம் பார்ப்பார். "இடுப்புல கால் இன்ச் பிடிக்கணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே மறுபடி சக்கரத்தை மிதிப்பார். அந்த டேப்பின் முதல் எட்டு இன்ச்சில் ஓர் எண்கூடத் தெரியாது, அவ்வளவு சேறு. எண் எதற்கு, விரலுக்குத் தெரியும் என்பார்.

மூடிப்போன அச்சகம் ஒன்றின் பின்கட்டில் சனிக்கிழமை காலைகளில் நடக்கும் மண்பாண்ட வகுப்பு இது. ஆறு சக்கரங்கள், ஒரு நீள மேஜை, மூலையில் பீரோ அளவுக்கு ஒரு மின்சூளை. இருக்கும் ஒரே ஜன்னலும் பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்த்தபடி இருக்கிறது. கைக்கு வேலை கொடுத்தால் கோபம் குறையும் என்று டாக்டர் சொன்னதால் நான் இங்கே வந்து சேர்ந்தேன். என் கிண்ணங்களைப் பார்த்துப் பார்த்து இருந்த கோபமும் கூடியதுதான் மிச்சம். மற்றவர்களும் ஏறக்குறைய என்னைப்போலப் பொழுதுபோகாமல் வந்தவர்கள். டெய்லர் மட்டும் காரியமாக வந்தவர். ஒன்றரை வருடமாக ஒரே பொருளைத்தான் செய்கிறார்: கைப்பிடி வைத்த கோப்பை.

"அண்ணே, ஒரு தட்டு பண்ணுங்க, ஜாடி பண்ணுங்க. கை பழகும்" என்பார் எங்கள் டீச்சர்.

"ஊருக்கெல்லாம் தைக்கிற கை மேடம் இது, பழகி என்ன ஆகப்போவுது? ஒரு கோப்பை சரியா வந்தா போதும்."

ஒல்லியான மனிதர். மெஷினில் குனிந்து குனிந்து முதுகு அப்படியே நின்றுவிட்டது. மண்ணைக் கீறும் ஊசியைக் குண்டூசிபோல உதட்டில் கவ்விக்கொள்வார். டீச்சர் அலறினால் எடுத்துக் காதில் செருகிக்கொள்வார். யாரையும் முகம் பார்த்துப் பேசமாட்டார், தோளைப் பார்த்துத்தான் பேசுவார். என்னிடம் முதன்முதலாகப் பேசியதே, "சார், தப்பா நினைக்காதீங்க, இந்தச் சட்டை வேற யாருக்கோ தைச்சது" என்பதுதான். உண்மைதான், என் மைத்துனனுக்குத் தைத்தது.

கோப்பை அவர் மனைவிக்கு. முப்பது வருடம் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பொத்தானுக்குக் காஜா எடுத்த கை அது. நரம்பில் ஏதோ நோய். விரல்கள் ஒவ்வொன்றாக உள்ளே மடங்கிக்கொண்டு வருகின்றன. நிறுத்த முடியாது, தள்ளிப்போடலாம் என்று சொல்லிவிட்டார்களாம். கடைக் கோப்பைகள் எல்லாம் அந்த அம்மாவின் கையிலிருந்து நழுவின. ஆஸ்பத்திரியில் கொடுத்த மூக்கு வைத்த பிளாஸ்டிக் கோப்பையை அவர் தொடவே இல்லை. யாராவது புகட்ட வந்தாலும் வாயை இறுக மூடிக்கொள்வாராம். "இன்னொருத்தர் கையால குடிக்கிறதுக்கு நான் தாகத்தோடவே இருந்துக்கிறேன்னுட்டா சார்" என்றார் டெய்லர், என் இடது தோளைப் பார்த்தபடி.

ஒவ்வொரு சனிக்கிழமையும் சட்டைப்பையில் ஓர் அளவுச் சீட்டு இருக்கும். வெள்ளி மாலை மனைவியின் விரல்களைச் சுற்றி டேப் பிடித்து எழுதிய அளவுகள். முதல் கோப்பைக்கு மூன்று விரல் நுழையும்படி கச்சிதமாகக் கைப்பிடி வைத்தார். சூளையிலிருந்து வந்தபோது அதில் இரண்டு விரல்தான் நுழைந்தது. மண் காயும்போதும் சுருங்கும், வேகும்போதும் சுருங்கும், மொத்தத்தில் எட்டில் ஒரு பங்கு போய்விடும் என்று டீச்சர் முதல் வகுப்பிலேயே சொல்லியிருந்தார். துணியை நனைத்து உலர்த்தாமல் கத்தரி வைக்காத மனிதருக்கு அது காதில் விழாமல் போயிருக்கிறது. "நானே இப்படிப் பண்ணிட்டேனே" என்று அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார். பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

அதற்குப் பிறகு சுருக்கத்துக்கு இடம்விட்டுத்தான் வைத்தார். ஆனால் சூளை நிரம்பினால்தான் மூட்டுவார்கள். நிரம்ப ஐந்து வாரம், சில சமயம் ஆறு. கோப்பை வெந்து வருவதற்குள் இன்னொரு விரல் மடங்கியிருக்கும்.

பேன்ட் ஒன்றைச் சரிசெய்ய ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனேன். முன்னறையிலேயே தையல் மெஷின். அதற்கு மேலே பலகையில் வரிசையாக ஒன்பது கோப்பைகள், ஒவ்வொன்றிலும் பொத்தான், கொக்கி, சாக்கட்டி. "இது ஜனவரிக் கை" என்று ஒன்றை எடுத்துக் காட்டினார். "இது மார்ச். இதுலதான் சார் பத்தொன்பது நாள் தன் கையாலயே குடிச்சா. ஒரு சொட்டு சிந்தல." அதில் மட்டும் ஒன்றும் போட்டு வைக்கவில்லை.

உள்ளிருந்து அந்த அம்மாவின் குரல் வந்தது. "டெய்லர்னா எல்லாரும் ஒரே ரகந்தாங்க. அளவெல்லாம் நல்லா எடுப்பாங்க. சொன்ன தேதிக்குத்தான் குடுக்க மாட்டாங்க."

மூவரும் சிரித்தோம். டெய்லர்தான் முதலில் நிறுத்தினார்.

போன மாதம் அவர் டீச்சரிடம் கேட்டேவிட்டார். "மேடம், இந்தத் தடவை கொஞ்சம் சீக்கிரம் மூட்ட முடியுமா?" டீச்சர் எங்கள் பக்கம் திரும்பி, "ஆளுக்கு நாலு கிண்ணம் போடுங்க, கோணலா இருந்தாலும் பரவால்ல, சூளை ரொம்பினா சரி" என்றார். கோணல் என்றால் என்னைக் கேட்க வேண்டுமா? என் வாழ்நாளில் யாருக்காவது பயன்பட்ட ஒரே பானைகள் அவைதான். இரண்டே வாரத்தில் சூளையைத் திறந்தோம். அழகான கோப்பை; ஆழ்ந்த பச்சை, கையில் எடுத்தால் கனமே தெரியவில்லை. கைப்பிடிக்குள் டேப்பை விட்டுப் பார்த்தார், நூலளவு பிசகில்லை. தன் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்து எடுத்துப்போனார்.

அடுத்த சனிக்கிழமை வழக்கம்போல எனக்கு முன்பே வந்திருந்தார்.

"என்ன டெய்லரே, கோப்பை சரியா இருந்துச்சா?"

"கோப்பை சரியாத்தான் சார் இருந்துச்சு." மண்ணை ஓங்கி மேஜையில் அறைந்தார். "புதன்கிழமை எல்லா விரலும் மூடிக்கிச்சு. தெறக்கல."

"ஏதாவது குடிக்கிறாங்களா?"

"நேத்து ராத்திரி அவளே சொன்னா. 'சரி, நீயே உன் கையால குடு'ன்னா."

அவருக்குத் தண்ணீர் மொண்டு வைத்தேன்.

சக்கரத்தில் கோப்பையின் சுவரைத் தூக்கி முடித்தார். ஓரத்தை ஈரத் தோல்துண்டால் இரண்டு முறைக்கு நான்கு முறை மழுக்கினார். கைப்பிடிக்கு மண்ணைத் திரியாக உருட்டிவிட்டு, பழக்கத்தில் சட்டைப்பைக்குக் கையைக் கொண்டுபோனார். பையில் சீட்டு இல்லை. டேப்பின் ஒரு நுனியைப் பல்லில் கவ்விக்கொண்டு, தன்னுடைய வலதுகை விரல்களைச் சுற்றி அளவு எடுத்தார்.