நானூற்றுப் பன்னிரண்டு கிராம்

இது கற்பனை இல்லை. நம்புங்கள் என்று யாரையும் கெஞ்சப் போவதும் இல்லை. படங்களின் அடியில் வசன வரி ஓடுமே, அது எந்த நொடியில் வந்து எந்த நொடியில் மறைய வேண்டும் என்று குறிப்பதுதான் என் பிழைப்பு. அதனால் நான் சொல்லும் நேரங்களில் பிழை இருக்காது. மற்றதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

என் பெயர் பொரம். மூன்று வருடமாக எனக்கு வீடு கிடையாது. ஒரு பெட்டி, ஒரு மடிக்கணினி, படித்துக்கொண்டிருக்கும் ஒரு புத்தகம், அவ்வளவுதான் சொத்து. ஊர் ஊராகப் போவேன். கீழே புத்தகக் கடை, மேலே தங்கும் அறை என்று இருக்கும் வீடுகளாகப் பார்த்துத் தங்குவேன். ஒரு புத்தகம் முடிந்ததும், பக்கத்தில் இருக்கும் இருபத்துநாலு மணி நேரக் கடைக்குப் போய், அங்குள்ள பார்சல் இயந்திரத்தில் போட்டு என் தோழி நாரேவுக்கு அனுப்பிவிடுவேன். இயந்திரம் அனுப்புநர் முகவரி கேட்கும். எனக்கு ஏது முகவரி? அனுப்புநர், பெறுநர் இரண்டு இடத்திலும், காங்னுங் என்ற கடலோர ஊரில் இருக்கும் நாரேவின் வீட்டு முகவரியையே போடுவேன். அவள் வீட்டு அலமாரியில் என் புத்தகங்கள் நூற்று நாற்பத்து மூன்று இருந்தன. அந்த அலமாரியை நான் பார்த்ததே இல்லை.

நாரே கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி. நிதானமாகப் படிப்பாள். ஒரு தாளைப் புரட்ட அவளுக்கு ஒரு நிமிடம் நாற்பது நொடி ஆகும். விளையாட்டாக எத்தனையோ முறை எண்ணியிருக்கிறேன். பிடித்த பக்கம் வந்தால் ஓரத்தை மடித்துவிடுவாள். எங்களுக்குள் வந்த சண்டையெல்லாம் அந்த மடிப்பால்தான்.

இந்த ஜனவரி தொடக்கத்தில் ஒரு செய்தி அனுப்பினாள்.

"இந்தப் புத்தகத்தை அனுப்பித் தொலைக்காத. நீயே கையில கொண்டு வாடி. உன் மூஞ்சியப் பாத்து ரெண்டு வருஷம் ஆச்சு."

அடுத்த மாதம் கண்டிப்பாக வருகிறேன் என்று பதில் போட்டேன். நான்கு மாதமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதே ஜனவரி பதினாறாம் தேதி தூக்கத்திலேயே போய்விட்டாள். முப்பத்தைந்து வயது. இதயம் என்றார்கள்.

பதினெட்டாம் தேதி மதியம் 2:10க்கு ஆஸ்பத்திரியின் இறுதிச் சடங்குக் கூடத்துக்குப் போனேன். அவள் படத்துக்கு முன்னால் இரண்டு முறை விழுந்து வணங்கினேன். காரமான மாட்டிறைச்சிச் சாறும் சோறும் வைத்தார்கள். சாப்பிட்டேன். நடுவில் வேலை விஷயமாக வந்த இரண்டு செய்திகளுக்குப் பதிலும் அனுப்பினேன். அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பதுபோல் இருந்தது.

புத்தகம் பையில்தான் இருந்தது. ஒரு கப்பல் சமையல்காரனின் கதை. படத்தின் முன்னால் வைக்கலாம் என்று எடுத்துப் போயிருந்தேன். ஆனால் இன்னும் ஐம்பத்தெட்டுப் பக்கம் பாக்கி. முடிக்காத புத்தகத்தை அவளுக்குக் கொடுத்துப் பழக்கமில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வைக்காமலே எழுந்துவிட்டேன்.

நாரேவின் தம்பி ஹன்சொல் வாசல் வரை வந்தான்.

"அக்கா, நேரா வீட்டுக்குப் போயிடாதீங்க. வழியில ஒரு கடையில ஏறி இறங்கிட்டுப் போங்க."

எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுதான். சாவுக்குப் போய்வரும்போது கூடவே எது வந்தாலும் அது கடையோடு நின்றுவிடும் என்பார்கள்.

"எனக்குத்தான் வீடே இல்லையேடா. நேரா எங்க போறது?"

அவன் சிரிக்கவில்லை.

அன்றைக்குத் தங்க வேண்டிய புத்தக வீடு வடக்கே ஒரு மீனவர் கிராமத்தில். அதன் முதலாளி பியோ, புத்தகக் கட்டுகள் வாங்க ஊருக்குள் வந்திருந்தார். ஆஸ்பத்திரி வாசலிலேயே வந்து ஏற்றிக்கொண்டார். என் பையிலிருந்து எட்டிப் பார்த்த புத்தகத்தைக் கவனித்தார்.

"புத்தக வீட்டுக்கே புத்தகம் தூக்கிட்டு வர்ற ஆளு நீங்கதாங்க."

நான் முன்னால் ஏறினேன். அவர் பின்பக்கக் கதவையும் திறந்தார். சற்று நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக மூடினார். பெட்டியை அவர் ஏற்கெனவே டிக்கியில் வைத்திருந்தார். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. வழியில் எந்தக் கடையிலும் நிறுத்தவும் இல்லை.

4:05க்கு வீடு. சீசன் இல்லாத சமயம், வேறு யாரும் தங்கவில்லை. நான் உள்ளே நுழைந்த பிறகும் அவர் வாசல் கதவைச் சாத்தவில்லை. யாரோ ஷூவைக் கழற்றுவதற்காகக் காத்திருப்பவர்போல நின்றார். அப்புறம் இரண்டு ஜோடி செருப்பு எடுத்து வைத்தார்.

மாடி அறையில் இரண்டு மெத்தை விரித்திருந்தது. தட்டில் இரண்டு பார்லி டீ.

கேட்டிருக்க வேண்டும். வாயைத் திறக்கவே அலுப்பாக இருந்தது.

5:30க்கு இருட்டிவிட்டது. சுவரைப் பார்த்து உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன். அடுத்த நாள் அனுப்ப வேண்டிய படம். காதில் எதுவும் மாட்டவில்லை. குளிருக்காக அடியிலிருந்து சூடேற்றிய தரை கதகதப்பாக இருந்தது.

6:04:10. முதுகுக்குப் பின்னால்... சரக்.

காற்று என்று நினைத்தேன். ஜன்னல் சாத்தியிருந்தது.

6:05:50. சரக்.

என் விரல் தானாக நின்றது. திரையின் மூலையில் நொடி ஓடிக்கொண்டிருந்தது.

6:07:30. சரக்.

ஒரு நிமிடம் நாற்பது நொடி.

திரும்பவில்லை. பயம் வந்ததா என்று கேட்டால், தெரியாது. முதுகுப் பக்கத்தைக் காட்ட எதிர்ச் சுவரில் கண்ணாடி இல்லையே என்று நிம்மதிப்பட்டேன்... பார்க்க வேண்டாமே.

6:09:10. சரக்.

என்னையறியாமல் வாயில் வந்தது அந்தப் பழைய சண்டைதான்.

"நாரே... ஓரத்த மடிக்காதடி."

சத்தம் நின்றது.

6:10:50. ஒன்றுமில்லை.

6:11.

6:12...

பிறகு, மிக மெதுவாக...

தாள் மடியும் சத்தம்.

கண்ணை மூடிக்கொண்டு கையைப் பின்னால் நீட்டினேன். இரண்டாவது மெத்தை. சூடான தரைமேல் கிடந்தும் பனிக்கட்டியாக இருந்தது. அதன்மேல் புத்தகம். பையிலிருந்து நான் எடுக்கவே எடுக்காத புத்தகம்.

அதன் அட்டை மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது.

பிடுங்கிக்கொண்டு ஓடினேன்.

கடை கிராமத்து முனையில், பேருந்து நிறுத்தத்தை ஒட்டி இருந்தது. நடந்தால் பதினோரு நிமிடம். உள்ளே நுழைந்ததும் வெளிச்சத்தில் கண் கூசியது. கல்லாவில் ஒரு அம்மா, கடற்பாசித் தாளில் சோற்றைச் சுற்றிய கிம்பாப் உருண்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். புத்தகத்தைக் கவரில் போட்டேன். டேப் ஒட்டினேன். இயந்திரத்தில் வைத்தேன். 412 கிராம். அனுப்புநர், நாரே வீடு. பெறுநர், நாரே வீடு. ரசீதில் நேரம் 6:41.

வெளியே வந்ததும் தோள் லேசானது. சூடான காபி டின்னைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தேன். அறையில் ஒரு சத்தமும் இல்லை. இரண்டாவது மெத்தை சூடாக இருந்தது. நன்றாகத் தூங்கினேன்.

அவளைக் கழற்றிவிட்டேன் என்பது தூங்கி எழுந்த பிறகுதான் புரிந்தது. கையில் கொண்டு வா என்று கேட்டவளை, ஒரு கடையில் இறக்கிவிட்டு வந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அப்போதும் அழுகை வரவில்லை.

காலை 9:20. பேருந்துக்கு நின்றபோது கடைக்கார அம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, நேத்து கூட வந்த பொண்ண விட்டுட்டுப் போயிட்டியே. சண்டையா?"

"யாரு?"

"ஜன்னலோரம் உக்காந்திருந்துச்சே. குடிக்க எதுனா தரவான்னேன். வேணாம், படிச்சு முடிச்சிடுறேன்னுச்சு. கையில புத்தகமே இல்ல. விரலு மட்டும் புரட்டிக்கிட்டே இருந்துச்சு. பார்சல் வண்டி வந்ததும் எந்திரிச்சுப் போயிருச்சு."

எனக்குப் பேருந்து வந்துவிட்டது.

இருபத்தொன்றாம் தேதி பூசானில் இருந்தேன். 11:15க்கு ஹன்சொல் கூப்பிட்டான்.

"அக்கா, பார்சல் வந்துச்சு. உள்ள என்ன அனுப்புனீங்க?"

"புத்தகம்."

"கவர் காலியா இருக்குக்கா. டேப் பிரியவே இல்ல, நான்தான் வெட்டுனேன். மேல ஒட்டுன சீட்டுல 412 கிராம்னு போட்டிருக்கு. நான் இங்க இப்ப நிறுத்துப் பாத்தேன்."

"எவ்வளவு?"

"காலிக் கவருதான்க்கா. 412 காட்டுது."

போனை வைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். துணிகளுக்கு மேலே இருந்தது கப்பல் சமையல்காரன். நான் படிக்காத ஐம்பத்தெட்டுப் பக்கங்களைப் புரட்டினேன். எதிலும் மடிப்பில்லை. கடைசிப் பக்கத்தின் ஓரம் மட்டும் மடிந்திருந்தது.

இன்று மார்ச் ஐந்து. நாரே போய் நாற்பத்தொன்பதாவது நாள்; இறந்தவர் கடைசியாக விடைபெற்றுப் போகும் நாள் என்பார்கள். காங்னுங் போகும் பேருந்தில் இருந்துதான் இதை எழுதுகிறேன். காலையிலிருந்து ஒரு கடையிலும் ஏறவில்லை, தண்ணீர்கூட வாங்கவில்லை. புத்தகம் பைக்குள் இருக்கிறது. பையை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருக்கிறேன்.

பக்கத்து இருக்கைக்கும் சேர்த்துத்தான் டிக்கெட் எடுத்தேன். காலியாகத்தான் இருக்கிறது.

3:16:00. சரக்.

3:17:40. சரக்.

மரத்துப்போயிருக்கிறதா என்று இனி கிள்ளிப் பார்க்க வேண்டாம். நான் அழ ஆரம்பித்துவிட்டேன்.